கடைமடைக் குழாயில் குளோரின் உண்டா?

புதுச்சேரி பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் தண்ணீருக்காக எழுந்த நினைவுச்சின்னம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்த கதையைப் போற்றி, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டப்பட்டது. இன்றும் நகரம் நம்பியிருப்பது நிலத்தடி நீரைத்தான். ஆழ்துளைக் கிணற்று நீரில் கிருமி குறைவு. கிருமி பெரும்பாலும் குழாய் வழியில்தான் வந்து சேர்கிறது.

நம் குழாய்களில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. நிறுத்தியதும் அழுத்தம் விழுகிறது. விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடைக் கசிவு உள்ளே இறங்குகிறது. குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறவர்கள், தெருவுக்கு இரண்டு பேராவது உண்டே, அவர்கள் அந்தக் கசிவையும் சேர்த்தே இழுக்கிறார்கள். இதே ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்காலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டு, சிலருக்குக் காலராவும் உறுதியாகி, 2022 ஜூலை 3 அன்று பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மறந்துவிட முடியாது.

இப்படி நேரும்போதெல்லாம் அதிகாரிகள் சொல்வது: தொட்டியில் குளோரின் கலக்கிறோம். கலக்கலாம். ஆனால், சாக்கடையின் கரிமப் பொருளும் அம்மோனியாவும் குளோரினைத் தின்றுவிடும். இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கேட்பது, கிருமிகளைக் கொன்ற பிறகும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது. அந்த மிச்சம்தான் வழியில் சேரும் கிருமியைச் சமாளிக்கிறது. கழிவுக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிச் சோதனையின் முடிவுக்கு ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும். மிச்சக் குளோரினை ஒரு மாத்திரையும் சிறு குப்பியும் சில நிமிடங்களில் காட்டிவிடும். நேற்றுவரை இருந்த குளோரின் இன்று காலை ஒரு தெருவில் மட்டும் காணாமல் போனால், அங்கே ஏதோ கலந்திருக்கிறது என்று ஐயப்பட அதுவே போதும்.

மக்களுக்கோ குளோரின் வாடையே பகை. கடலோர நகரத்தின் உப்புக்குப் பயந்து ஆர்.ஓ. கருவியையும் கேனையும் நாடுகிறார்கள். நியாயம்தான், உப்பைக் குளோரின் போக்காது. ஆனால், ஆர்.ஓ. கருவியின் கரி வடிகட்டி குளோரினையும் நீக்கிவிடுகிறது. அதன்பின் அழுக்கான குடத்தில் ஊற்றினால், அந்த நீருக்குக் காவல் இல்லை. குளோரினால் உண்டாகும் துணைப்பொருள்கள் பற்றிய அச்சமும் உண்டு. அதற்காகக் கிருமிநீக்கத்தில் சமரசம் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

எனவே குடிநீர் வழங்கும் பொதுப்பணித்துறை குளோரினை அளக்க வேண்டிய இடம் மேல்நிலைத் தொட்டி அல்ல, ஒவ்வொரு வார்டின் கடைமடைக் குழாய். அதுவும் தண்ணீர் திறந்த முதல் நிமிடங்களில். அந்த அளவைத் தேதியோடு தெருப் பலகையில் எழுதிப்போடலாம். செலவு சொற்பம். சிக்கல் வேறு: எந்தத் தெருக் குழாய் ஓட்டை என்பது பலகையிலேயே தெரிந்துவிடும். பிறகு தோண்டி மாற்றுவதற்கு நிதி ஒதுக்காமல் தப்ப முடியாது.