ஆறு சக்கரம், 1,132 துண்டுகள்

“பத்து வயசுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். விளையாட்டாவும் இருக்கணும், படிப்புக்கும் உதவணும். என்ன வாங்கலாம்?” பாட்டுக் கேட்டு வரும் அழைப்புகளுக்கு இடையே இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது. பள்ளி விடுமுறை நெருங்கினால் இன்னும் அதிகம். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு பெட்டியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். லெகோ டெக்னிக் வரிசையில் 2023ல் வந்த, செவ்வாய்க் கோளில் ஓடும் நாசா வண்டியின் மாதிரி அது. பெயர் பெர்சிவரன்ஸ். தமிழில் சொன்னால் ‘விடாமுயற்சி’. அஜித் படமில்லை, வண்டிதான்.

பெட்டியின் எண் 42158. உள்ளே 1,132 துண்டுகள். பத்து வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவில் அறிமுக விலை 99.99 டாலர், அதாவது ஒரு துண்டுக்கு ஒன்பது காசுக்கும் குறைவு. லெகோ உலகில் அது நியாயமான கணக்கு. நம்மூரில் கடைக்குக் கடை விலை மாறும். ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடைத்தொகுதியில் பார்த்ததும் கையை நீட்டிவிடாமல் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். எப்படிப் பார்த்தாலும் நூறு வெள்ளியைத் தாண்டும் சமாசாரம். ஒரு மாதத் துணைப்பாட வகுப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத பெற்றோர் இங்கே உண்டா?

அந்த ஒப்பீட்டில்தான் எனக்குச் சண்டை. இது அருமையான பொம்மை. ஆனால் துணைப்பாட வகுப்பாக நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

அக்கா மகனோடு உட்கார்ந்து இதைக் கட்டினேன். தொடக்கநிலை நான்கு படிக்கிறான். இரண்டு வார இறுதிகள் பிடித்தன. கூட ஒரு ஆள் எதிர்பாராமல் சேர்ந்துகொண்டார், என் அம்மா. லெகோவின் செயல்முறைப் புத்தகத்தில் கட்டும் படிகள் எல்லாமே படங்கள்தான், எழுத்து கிடையாது. ஆங்கிலம் தெரியாத பாட்டியும் பேரனும் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் ‘வாசிக்க’ முடிகிற வாய்ப்பு நம் வீடுகளில் எத்தனை முறை கிடைக்கிறது? அம்மா ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி துண்டுகளைப் பிரித்துப் போட ஆரம்பித்துவிட்டார். “இது என்னடா, மிளகு மிளகா இவ்வளவு கெடக்கு?” என்று அவர் கேட்டது கறுப்பு நிற ஆணிகளைப் பற்றி.

கேள்வி சரியானது. டெக்னிக் வகை, நாம் சின்ன வயதில் அடுக்கிய செங்கல் லெகோ அல்ல. மேலே குமிழ் வைத்த கட்டைகள் இதில் குறைவு. துளையிட்ட சட்டங்கள், அச்சுகள், பற்சக்கரங்கள், அவற்றைக் கோத்துப் பிடிக்கும் சின்னச் சின்ன ஆணிகள். 1,132 என்ற எண்ணைப் பார்த்து வீடு நிறையப் பொருள் வரும் என்று நினைக்காதீர்கள். எண்ணிக்கையில் பெரும்பங்கு இந்த மிளகுதான். முடிந்த வண்டி ஓர் அடி நீளத்துக்குச் சற்று மேல். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுங்கள்.

ஓர் ஆணி ஒரு துளை தள்ளி உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்திலேயே தெரியாது. நாற்பது படி கழித்து ஒரு சட்டம் பொருந்த மறுக்கும்போதுதான் தெரியும். அப்போது கழற்றிக்கொண்டே பின்னால் போக வேண்டும். பையன் முதல் முறை அழுகிற நிலைக்கு வந்தான். இரண்டாம் முறை அவனே எங்கே தவறியது என்று விரல் வைத்து எண்ணிக் கண்டுபிடித்தான். எட்டு வயதுப் பிள்ளை என்றால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஆறு வயதுக்கு வேண்டாம்.

சரி, கட்டி முடித்தபின் என்ன கிடைக்கிறது? ஒரே ஒரு விஷயம். அதற்காகவே வாங்கலாம் என்பேன்: சக்கரங்கள் தாங்கி நிற்கும் அமைப்பு.

வண்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று சக்கரங்கள். முன்சக்கரம் ஒரு நீண்ட கையின் முனையில் இருக்கிறது. அந்தக் கையின் பின்முனையில் இன்னொரு குட்டிக் கை ஊஞ்சல் பலகைபோல ஆடுகிறது, அதன் இரண்டு முனைகளில் மற்ற இரண்டு சக்கரங்கள். இதைப் பொறியாளர்கள் ராக்கர்-போகி என்கிறார்கள். காரில் இருப்பதுபோல் சுருள் வில் எதுவும் கிடையாது. இரண்டு பக்கக் கைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு பக்கம் மேலே ஏறினால் மறுபக்கம் தரையை விடாமல் அழுந்துகிறது. கல் ஏறும்போதும் ஆறு சக்கரமும் மண்ணில் இருக்கும். உடல் அதிகம் சாயாது. உண்மையான பெர்சிவரன்ஸின் சக்கரம் 52.5 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது, ஏறக்குறைய அந்த உயரப் பாறை மீதே அது ஏறி இறங்கிவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்தால் பாதி புரியும். தரையில் ஒரு ரப்பர் செருப்பு, அதற்கப்பால் தடித்த தமிழ் அகராதி, அதற்கப்பால் மடித்த பாய் என்று வரிசையாக வைத்து வண்டியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். முன்சக்கரம் ஏறும்போது நடுவண்டி எப்படி அலுங்காமல் நிற்கிறது என்பதைப் பையன் தரையோடு கன்னத்தை ஒட்டவைத்துப் பார்த்தான். “மாமா, ஒண்ணுகூட தூக்கல!” என்றான். ஒரு குமிழைத் திருப்பினால் மூலைச் சக்கரங்கள் நான்கும் சேர்ந்து திரும்பி, வண்டி நின்ற இடத்திலேயே சுழல்கிறது. அசல் வண்டியும் அப்படித்தான் திரும்புகிறது.

கடற்கரை மணலில் மட்டும் ஓட்டாதீர்கள். பற்சக்கரத்துக்குள் மணல் புகுந்தால் ஈஸ்ட் கோஸ்ட் உல்லாசம் அன்றோடு சரி.

குறைகள் இல்லாமல் இல்லை. மோட்டார் கிடையாது. கையால் தள்ளினால்தான் நகரும். ரிமோட் காருக்குப் பழகிய பிள்ளைக்கு முதல் நாள் முகம் வாடும். ஆனால் ஒரு கணக்கைச் சொன்னால் கொஞ்சம் தெளியும். அசல் வண்டியின் உச்ச வேகமே மணிக்கு 152 மீட்டர்தான். தேக்கா சந்தையில் புறப்பட்டு சிராங்கூன் சாலை வழியாக முஸ்தஃபா போய்ச் சேர அதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். (ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நமக்கும் கிட்டத்தட்ட அதே வேகம்தான் என்பது வேறு விஷயம்.) ஒட்டுப்படங்கள் இன்னொரு குறை. கோணலாக ஒட்டினால் கோணல்தான், அதைப் பெரியவர்கள் ஒட்டிக் கொடுப்பது நல்லது. கைபேசிச் செயலி ஒன்றும் உண்டு. திரையில் வண்டியைக் காட்டி விவரம் சொல்லும். இருபது நிமிடம் பார்த்தோம், பிறகு யாரும் திறக்கவில்லை.

செயலி சொல்வதைவிட நீங்கள் வாயால் சொல்லும் கதை நன்றாக எடுபடும். என் தொழில் அப்படி, எனக்குப் பிடித்த கதையும் ஒலி சம்பந்தப்பட்டதுதான். 2021 பிப்ரவரி 18ஆம் தேதி வண்டி செவ்வாயில் ஜெஸிரோ பள்ளத்தில் இறங்கியபோது, தரை தொட்டுவிட்டது என்று உலகுக்கு அறிவித்த குரல் ஸ்வாதி மோகனுடையது. பெங்களூரில் பிறந்து, ஒரு வயதில் அமெரிக்கா போனவர். நெற்றியில் பொட்டோடு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் வண்டி ஏற்கெனவே தரையிறங்கிப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. செய்தி ஒளி வேகத்தில் வந்தாலும் அவ்வளவு நேரம் பிடிக்கிறது. நேரலையில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே எனக்கு வியர்க்கும். அங்கே ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குள் ஒரு சன் டிவி சீரியல் பாதி ஓடிவிடும். அதனால்தான் கல்லைப் பார்த்து ஒதுங்குவதை வண்டி தானே முடிவு செய்கிறது. வண்டியில் மைக்குகளும் உண்டு. செவ்வாயின் காற்றுச் சத்தத்தை நாம் கேட்க முடிந்தது அவற்றால்தான். மாதிரி வண்டியின் கம்பத் தலையைக் காட்டி “இங்கேதான் ஒரு மைக்” என்றபோது பையன் தன் காதை அதன் அருகே கொண்டுபோனான்.

பெட்டிக்குள் ஒரு குட்டி ஹெலிகாப்டரும் இருக்கிறது, இன்ஜெனுட்டி. அசல் எடை 1.8 கிலோதான். வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு போனது. அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள். 2021 ஏப்ரல் 19 முதல் 2024 ஜனவரி 18 வரை 72 முறை பறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐஐடியில் படித்தவர். இதை நம் பிள்ளைகளிடம் பெருமைக்காகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நாசா முத்திரைக்குப் பின்னால் எப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் கேள்விகள் கூடுகின்றன.

அப்படி வந்த கேள்விதான் இது: “மாமா, நம்ம பிரக்யான் பெட்டி எங்கே கிடைக்கும்?”

கடை அலமாரிகளில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே சந்திரயான்-3 இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். உள்ளிருந்து இறங்கிய பிரக்யான் 26 கிலோ, ஆறு சக்கரம், அதே ராக்கர்-போகி அமைப்பு. ஒரு நிலவுப் பகல் நேரத்தில் நூறு மீட்டர் போல ஓடி, மண்ணில் கந்தகம் இருப்பதைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனது. ஏவுவதற்கு முன் இஸ்ரோ சோதனை நடத்த நிலவு மண் மாதிரி வேண்டியிருந்தது. அதற்கான அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்திலிருந்து போனது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறை அதற்கு உதவியது. அம்மாவுக்குச் செவ்வாயைவிட இந்தத் தகவல்தான் பிடித்தது. “நாமக்கல்லா? முட்டைக்குத்தானே பேரு!” என்றார்.

கடையில் இல்லையென்றால் கையில் இருப்பதை வைத்துக் கட்ட வேண்டியதுதான். 1,132 துண்டுகளில் ஆறு சக்கரமும் கைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. பெர்சிவரன்ஸின் நீண்ட ரோபோக் கையைக் கழற்றி, பெட்டி உடலைச் சுருக்கி, ஒரு பக்கம் செங்குத்தாக நிற்கும் சூரியத் தகடும் முன்னால் இரண்டு கேமராக்களும் வைத்தால் பிரக்யான். படம் பார்த்துக் கட்ட வழிகாட்டிப் புத்தகம் கிடையாது. அதில்தான் விஷயமே இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து 1,132 துண்டுகளைக் கோப்பது பொறுமையையும் கவனத்தையும் பழக்கும். “தகடு ஒரு பக்கமா சாயுதே, எடையை எங்கே வைக்கிறது?” என்று பிள்ளை தானே யோசிப்பது புத்தகத்தை மூடிய பிறகுதான்.

இங்கேதான் அக்காவோடு வாக்குவாதம். “நூறு வெள்ளிக்கு மேல குடுத்து வாங்கினதைக் கழற்றவா? ஷோகேஸ்ல வச்சா எவ்வளவு அழகா இருக்கும்!” மாமா, அதாவது அத்தான், அக்கா கட்சி. பையன் இரண்டு பக்கமும் பார்த்தான். கட்டி முடித்த பெருமை அவனுக்கும் இருக்கிறதே. ஒரு மாதம் ஷோகேஸில் இருக்கட்டும், நவராத்திரிக்குக் கொலுப்படியில் ஏறட்டும், அதன் பிறகு கழற்றலாம் என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். பாட்டி தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. என் கருத்து மாறவில்லை. கழற்றுகிற எண்ணம் உங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையென்றால் இந்தப் பெட்டி ஒரு விலை உயர்ந்த அலங்காரப் பொருள், அவ்வளவுதான். அலுவலக மேசைக்கு அழகாக இருக்கும் என்று தனக்காக வாங்கும் இளையர்களிடம் எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் அதைக் கல்விச் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

பெரியவர்களுக்கு என்றே 2024ல் இன்னொன்று வந்தது: அப்பல்லோ வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டி, 1,913 துண்டுகள். பார்க்கப் பிரமாதம். பத்து வயதுக்கு வாங்காதீர்கள், பெட்டியிலேயே 18 வயது என்று இருக்கிறது. 2014ல் 295 துண்டுகளில் கியூரியாசிட்டி வண்டி வந்தது. அந்த அசல் வண்டியில் வேலை செய்த நாசா பொறியாளர் ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் வடிவமைத்தது. சின்னதாக இருந்தாலும் அதே சக்கர அமைப்பு அதில் இருந்தது. இப்போது பழைய பொருள் சந்தையில் தேடினால்தான் உண்டு.

பழைய பொருள் என்றதும் ஒன்று. கேரோசலில் பெர்சிவரன்ஸைக் கழற்றிய நிலையில் விற்பவர்கள் இருக்கிறார்கள். விலை கணிசமாகக் குறையும். லெகோ துண்டுகள் லேசில் தேய்வதில்லை, பயப்பட வேண்டாம். செயல்முறைப் புத்தகம் தொலைந்திருந்தாலும் லெகோ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: ஆறு சக்கரமும் இருக்கிறதா, பற்சக்கரங்கள் முழுதாக இருக்கின்றனவா, ஹெலிகாப்டரின் இறக்கைகள் உள்ளனவா. மிளகு நாலு குறைந்தால் பரவாயில்லை, அது தனியாகவும் வாங்கக் கிடைக்கும்.