பழைய லேப்டாப்பில் நெட் வரலையா? ‘புதுசு வாங்குங்க’ என்பதற்கு முன் ஐந்து நிமிடம் பாருங்கள்!

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ஸ்ரீரங்கத்தில் பலமான இடி. இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூத்த மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. இப்போது கல்லூரி போகும் மகன் அதைத்தான் வைத்திருக்கிறான்.

வைஃபை எப்போதோ போய்விட்டதால், மோடத்திலிருந்து ஒயர் இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இடியில் அந்த ஒயர் செருகுகிற லேன் போர்ட்டும் போயிற்று. “டவுன்ல ஒரு கடையில காட்டினோம். ‘போர்டு போச்சுக்கா, இதுல காசு போடாதீங்க, புதுசு எடுத்துடுங்க’ன்னுட்டாங்க. இவனுக்கு ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் போட இன்னும் நாலு நாள்தான் இருக்கு” என்றார்.

திறந்து பார்த்தேன். லேப்டாப் ஆன் ஆகிறது, ஃபைல் எல்லாம் திறக்கிறது. நெட் மட்டும்தான் இல்லை. “அக்கா, உங்க போனையும் சார்ஜர் ஒயரையும் கொடுங்க” என்றேன். ஐந்தே நிமிடத்தில் நெட் வந்தது.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. லேன் சிப் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கருகினால் போர்டில் ஒரு பகுதி போனதாகத்தான் அர்த்தம். ஆனால் வாசல் கதவு இறுகிப் போனதற்காக வீட்டையே இடிப்போமா? கொல்லைப்புறக் கதவு இருக்கிறதே! கம்ப்யூட்டருக்கு அந்தக் கொல்லைக் கதவு யுஎஸ்பி.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கெட்டுப்போகாததைக் கெட்டுப்போனதாக நினைப்பதும் நிறைய நடக்கிறது. பழைய லேப்டாப்களின் ஓரத்தில் வைஃபைக்கென்றே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கை பட்டு ஆஃப் ஆகியிருக்கலாம். அடுத்து, இன்றைய போன்களின் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த பழைய வைஃபை கார்டின் கண்ணில் அது படவே படாது. போன் செட்டிங்ஸில் 2.4-க்கு மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று தேதி. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டால், கம்ப்யூட்டர் பழைய வருஷத்துக்கே போய் நின்றுகொள்ளும். நெட் இணைப்பு சரியாக இருந்தும் வெப்சைட்டுகள் ‘பாதுகாப்பில்லை’ என்று திறக்க மறுக்கும். தேதியைச் சரிசெய்தால் போதும்.

உண்மையிலேயே கெட்டிருந்தால்?

மூன்று வழி உண்டு. ஒன்று, போனை யுஎஸ்பி ஒயரில் இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்வது. செலவே இல்லை. சில மலிவான ஒயர்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டாவைக் கடத்தாது. வேலை செய்யாவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

இரண்டு, யுஎஸ்பி வைஃபை அடாப்டர். கட்டைவிரல் அளவுதான். சில நூறு ரூபாயில் கிடைக்கும். ஒயர் இணைப்பே வேண்டும் என்பவர்களுக்கு யுஎஸ்பி–லேன் கன்வெர்ட்டர் உண்டு. ‘டிரைவர் டவுன்லோடு செய்யணும்னா நெட் வேணும், நெட் வரணும்னா டிரைவர் வேணும்’ என்று மாட்டிக்கொண்டால், போனில் இறக்கி ஒயர் வழியாக லேப்டாப்புக்கு மாற்றிவிடலாம்.

மூன்று, உள்ளே இருக்கும் வைஃபை கார்டையே மாற்றுவது. பழைய லேப்டாப்கள் பலவற்றில் அது ஒன்றிரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் தனி கார்டு. சில கம்பெனிகளின் மாடல்கள் தாங்கள் அங்கீகரித்த கார்டை மட்டுமே ஏற்கும். அதனால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. டெஸ்க்டாப் என்றால் காலி ஸ்லாட்டில் புது நெட்வொர்க் கார்டு செருகினால் வேலை முடிந்தது.

நெட் வந்த பிறகு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதில் பேங்க் வேலை பார்ப்பது ஆபத்து. லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற இலவச லினக்ஸ்கள் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

எல்லாவற்றையும் பிழைக்க வைக்க முடியாது என்பதும் உண்மை. யுஎஸ்பி போர்ட்டுகளும் சேர்ந்து கருகியிருந்தால், அடிக்கடி தானாக ஆஃப் ஆனால், செலவு செய்வதில் அர்த்தமில்லை. பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டும்தானா?

2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்த அன்றைய முதல்வர் ஜெயலலிதா, அப்போது ஸ்ரீரங்கம் தொகுதியின் எம்எல்ஏ. அதன்பிறகு லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் நுழைந்தது அந்தத் திட்டத்தால்தான். 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடி அறிவிப்பு வந்தது. நல்லது. ஆனால் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுகிறதா? வாரண்டி முடிந்த மறுநாள் ஒரு சின்ன கார்டு போனால், மாணவர் எங்கே போவார்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஒரு இணையதளம் தொடங்கியது. நெட் இல்லாதவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? உதவி ஊரிலேயே கிடைக்க வேண்டும். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் ‘ரிப்பேர் கஃபே’ தொடங்கினார்கள். தெரிந்தவர்கள் ஒரு நாள் கூடி உட்கார்ந்து, தெரியாதவர்களின் பொருளைச் சரிசெய்து கொடுப்பதுதான் திட்டம்.

திருச்சிக்கு அது கஷ்டமா என்ன? துவாக்குடியில் என்ஐடி இருக்கிறது, திருவெறும்பூரில் ஐடிஐ இருக்கிறது, சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தில் நாலு மேஜை, எட்டு மாணவர்கள் போதும். அரசு தரும் லேப்டாப்களுக்கு உதிரி பாகம் கிடைக்க ஏற்பாடு செய்வதும், பழுதுபார்க்கும் குறிப்பைத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதும் அரசின் வேலை.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். அடுத்த முறை கடையில் ‘போர்டு போச்சு’ என்றால், “எந்த பார்ட் போச்சு தம்பி, யுஎஸ்பி வழியா ஓட்ட முடியுமா?” என்று கேளுங்கள். இடி மழை தொடங்கும் முன்பே லேன் ஒயரையும் பவர் ஒயரையும் பிடுங்கி வையுங்கள்.

அக்கா மகன் அன்று ராத்திரியே ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனைப் போட்டுவிட்டான். மறுவாரம் ஒரு வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகினார்கள். லேப்டாப் இன்னும் ஓடுகிறது.