பதக்கத்தை எண்ணுவோரும் பதிவைத் தொலைப்போரும்



தமிழர் ஒருவரின் பெயர் விருதுப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டால் நம்மிடையே எழும் ஆரவாரத்திற்கு அளவில்லை. அவர் சர்ச்சைக்குரியவராகவும் இருந்துவிட்டால் ஆரவாரத்தோடு வசைமாரியும் சேர்ந்துகொள்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உண்மையில் கவனிக்கப்படவேண்டிய பொருள் கவனிப்பாரற்றுப் போகிறது. இதற்கு ‘எம்.ஐ.ஏ.’ என்று உலகறிந்த பாடகி மாதங்கி அருட்பிரகாசம் பற்றிய ஆவணப்படத்தைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

2018 சனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ என்னும் அப்படம் உலக ஆவணப்படப் போட்டிப் பிரிவுக்குத் தெரிவாகி, நடுவர் குழுவின் சிறப்பு விருதையும் பெற்றது. அதே ஆண்டு செப்ரெம்பரில் பிரித்தானியத் திரையரங்குகளுக்கும் வந்தது. இயக்குநர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ், இலண்டன் சென்ட்ரல் சென் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரிக் காலத்திலிருந்து மாதங்கியின் நண்பர். ஆயினும் படத்தின் நாயகியே அதனால் முழு மனநிறைவு அடையவில்லை. தாம் எடுத்திருக்கக்கூடிய படம் இதுவன்று என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே தெரிவித்தார்.

படம் விருது பெற்றபோது மூன்று விதமான குரல்கள் எழுந்தன. “எங்கள் கதைக்கு உலகம் விருது கொடுத்துவிட்டது” என்று மகிழ்ந்தது ஒரு குரல். “அவருடைய உடையும் நடத்தையும் நமக்குத் தலைகுனிவு, இவரா தமிழரின் முகம்?” என்று சீறியது மற்றொரு குரல். “பயங்கரவாதத்தை ஆதரிப்பவருக்கு விருதா?” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து முழங்கியது மூன்றாவது குரல். மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டாலும் மூன்றின் அடித்தளமும் ஒன்றே. விருதைத் தீர்ப்பு என்று மயங்குவதே அது.

முதற்குரலை எடுத்துக்கொள்வோம். விருதுக்குப் பரிந்துரைக்கப்படுவது ஓர் இனத்தின் வரலாற்றுக்குக் கிடைக்கும் நீதியாகுமா? 2009ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெப்ரவரி 8ஆம் நாள் கிராமி விழா மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக மாதங்கி பாடினார். ஆண்டின் சிறந்த இசைப்பதிவுக்கான பட்டியலில் அவரது ‘பேப்பர் பிளேன்ஸ்’ இருந்தது. இரண்டு வாரங்களின்பின், 22ஆம் நாள் ஒஸ்கார் விழா. ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தில் ஏ. ஆர். ரகுமானுடன் இணைந்து அவர் உருவாக்கிய பாடல் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. அதே நாட்களில் வன்னியில் எறிகணைகள் விழுந்துகொண்டிருந்தன. இரண்டு உலகப் பரிந்துரைகள் ஓர் எறிகணையையேனும் தடுத்தனவா? அவை பெற்றுத்தந்தது தொலைக்காட்சியில் சில நிமிடங்கள் பேசும் வாய்ப்பு மட்டுமே. அந்த வாய்ப்பிலும், தமிழர் படும் துயரை அவர் எடுத்துரைக்க முற்பட்ட வேளையில், அமெரிக்க நேர்காணல் நடத்துநர் ஒருவர் அவருடைய இலண்டன் உச்சரிப்பை நகைப்புக்குரிய பொருளாக்கினார். விருது கதவைத் திறக்கும். உள்ளே சென்று எந்தச் சான்றைக் காட்டுவது என்பதை விருது கற்றுத்தராது.

இரண்டாவது குரல் நம் வீட்டு வரவேற்பறைகளில் அதிகம் ஒலிப்பது. 2012 பெப்ரவரியில் அமெரிக்க சூப்பர் போல் விளையாட்டு அரங்கில் அவர் கமெராவை நோக்கி நடுவிரலைக் காட்டியதும், விளையாட்டுக் கழகம் 16.6 மில்லியன் டொலர் கேட்டு அவர்மீது நடவடிக்கை எடுத்ததும் யாவரும் அறிந்தவை. 2020இல் தடுப்பூசி பற்றி அவர் வெளியிட்ட கருத்துகளை அறிவியல் கற்றோர் ஏற்கவியலாது. ஆனால் அவரை நம் பேச்சாளராக நாம் தேர்ந்தெடுக்கவுமில்லை, அப்பதவியை அவர் நம்மிடம் கேட்கவுமில்லை. ஒரு கலைஞரின் எல்லாச் செயல்களுக்கும் இனமே பொறுப்பேற்க வேண்டும் என்று எண்ணுவது, இனத்தின் எல்லாச் சுமைகளையும் ஒரு கலைஞரின் தோளில் ஏற்றுவதற்குச் சமம். ஒருவரை வழிபடுவதும் அவரைத் தூற்றுவதும் இரசிக மனத்தின் இரு பக்கங்களே.

மூன்றாவது குரலுக்கு விடை சொல்லவேண்டிய கடமை நமக்கு உண்டு. அவருடைய தந்தை அருளர் விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் என்று வெளிநாட்டு ஏடுகள் பல எழுதின. உண்மையில் அவர் ஈரோஸ் அமைப்பின் நிறுவுநர்களில் ஒருவர். அவ்வமைப்பு 1975இல் இதே இலண்டனில் உருவானது. இவ்வேறுபாட்டை ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளருக்கு விளக்க நம்மில் எத்தனை பேரிடம் ஆவணம் இருந்தது? ஒரு துண்டறிக்கை? ஒரு கூட்டத்தின் ஒலிப்பதிவு? அக்காலத்து மாணவர்களில் ஒருவரது வாக்குமூலம்? அருளர் 2019 டிசெம்பரில் மறைந்துவிட்டார். அத்தலைமுறையினர் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றனர். நாமோ விருதுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

இந்த நோய் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 2019 மார்ச்சில் மைக்கேல் ஜாக்சன்மீது சிறுவர் பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுகளை முன்வைத்த ‘லீவிங் நெவர்லாண்ட்’ ஆவணப்படத்தைச் சனல் 4 ஒளிபரப்பியபோது, இதே இலண்டனின் பேருந்துகளில் அவர் நிரபராதி என்று கூறும் விளம்பரங்களை இரசிகர்கள் பணம் திரட்டி ஒட்டினர். பாதிக்கப்பட்டோருக்கான அமைப்பின் கவலையைத் தொடர்ந்து அவ்விளம்பரங்களை நகரப் போக்குவரத்து நிறுவனம் அகற்றியது. ஜாக்சன் குடும்பத்தினர் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். அதே ஆண்டு அப்படம் எமி விருது பெற்றது. விருதினால் இரசிகர்களும் மாறவில்லை, இரசிகர்களின் எதிர்ப்பினால் சாட்சியமும் மாறவில்லை. இரசிகர் கேட்கும் கேள்வி, “இது எமக்குச் சார்பானதா, எதிரானதா?” என்பதே. “இதற்கு என்ன ஆதாரம்?” என்பது குடிமகன் கேட்கவேண்டிய கேள்வி. நம் பிள்ளைகளுக்கு இவற்றில் எதைக் கற்பிக்கப்போகிறோம்?

இனி, கவனிப்பாரற்றுப்போன பொருளுக்கு வருவோம். மாதங்கி ஏறத்தாழ 700 மணிநேர ஒளிப்பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றின் பெரும்பகுதி, அவர் எவராலும் அறியப்படாத இளம்பெண்ணாக இருந்தபோது எடுக்கப்பட்டவை. தென் இலண்டன் மிச்சம் பகுதியின் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்த ஓர் அகதிப் பெண், தன் குடும்பத்தையே படம்பிடித்தார். 2001இல் இலங்கைக்குச் சென்று உறவினரின் பேச்சையும் அச்சத்தையும் பதிவு செய்தார். அன்று எடுக்க எண்ணிய படம் முற்றுப்பெறவில்லை. ஆனால் ஒளிநாடாக்கள் தப்பின. அவை தப்பியதனாலேயே பதினேழு ஆண்டுகளின்பின் ஒரு படம் பிறந்தது. விருது கிளை என்றால் அந்த ஒளிநாடாக்களே வேர்.

நம் வீடுகளின் வேர்கள் எங்கே? ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் மாடியறைப் பெட்டிகளில் தூங்கும் வீடியோ கசெற்றுகளில் இருக்கின்றன. ஒரு பொறியியல் பட்டதாரி என்ற முறையில் இதைக் கூறுகிறேன்: காந்த ஒளிநாடா நிலையான பொருளன்று. அதன் காந்தப் பூச்சைத் தாங்கும் பசை ஈரப்பதத்தால் சிதைகிறது, பதிந்த சமிக்ஞை மெல்ல மங்குகிறது. நாடா பிழைத்தாலும் அதை ஓட்டும் கருவி பிழைப்பதில்லை. வீ.எச்.எஸ். கருவிகளைக் கடைசியாகத் தயாரித்துவந்த யப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2025ஆம் ஆண்டுக்குள் எண்முறைக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவற்றை இழக்க நேரிடும் என்று அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் எச்சரித்திருந்தது. அந்த எல்லைக்கோட்டைக் காலம் தொட்டுவிட்டது.

“எங்கள் கலியாண வீட்டுக் கசெற்றை யார் பார்க்கப்போகிறார்கள்?” என்று கேட்பீர்கள். மணமக்களின் பின்னால் தெரியும் வீட்டைப் பாருங்கள், அது இன்று நிற்கிறதா? முற்றத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டு பேசும் ஆச்சியின் சொற்களைக் கேளுங்கள், அந்தச் சொற்களை உங்கள் பிள்ளைகள் வேறெங்கே கேட்பார்கள்? 2009 ஏப்ரல் முதல் யூன் வரை வெஸ்ட்மின்ஸ்ரர் நாடாளுமன்றச் சதுக்கத்தில் இரவும் பகலும் நின்ற இளையோரே, அன்று உங்கள் கைத்தொலைபேசிகளில் பிடித்த காட்சிகள் எங்கே? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதை ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறோம். அது பிறர் இட்ட தீ. நம் மாடியறைகளில் நிகழ்வது தீயில்லாத எரிப்பு. அதற்கு எவர்மீது பழி சொல்வது?

“ஊரில் இருப்போரின் முகங்கள் வெளிப்பட்டால் ஆபத்தல்லவா?” என்ற கேள்வி நியாயமானது. பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு. பெயரும் ஆண்டும் இடமும் குறித்து, பூட்டி வைத்த பிரதியும் ஆவணமே. வெளியிடும் முடிவை, அதில் தோன்றுவோரின் ஒப்புதலோடு, பின்னர் எடுக்கலாம். அழிந்துபோனதைப் பற்றி முடிவெடுக்கவே முடியாது.

செலவோ பெரிதன்று. வழக்கமான எண்முறை ஒளிநாடாவில் ஒரு மணிநேரக் காட்சி ஏறத்தாழ 13 கிகாபைற்று. இருபது மணிநேரக் குடும்பப் பதிவுகள் 260 கிகாபைற்றுக்குள் அடங்கிவிடும். சட்டைப்பையில் வைக்கும் வன்தட்டு ஒன்று அதற்குப் போதும். ஆனால் ஒரே பிரதி போதாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒரு பிரதியாவது வேறொரு வீட்டில் என்பதே எங்கள் தொழிலின் பாலபாடம். எழுத்தாவணங்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும், 1983 முதல் இலண்டனில் இயங்கிய தமிழர் தகவல் நடுவமும் வழிகாட்டியுள்ளன. ஒளிப்பதிவுகளுக்கு ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையும் ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் ஆண்டுக்கு ஒரு நாளை ஒதுக்கினாலே போதும். ஆண்டுவிழா மண்டபச் செலவில் ஒரு சிறுபங்கே இதற்கு வேண்டும்.

பெற்றோருக்கு இன்னொன்று. உங்கள் மகள் கமெராவைத் தூக்கிக்கொண்டு திரைப்படக் கல்வி கற்கப்போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறீர்கள். மருத்துவமும் கணக்கியலும் பொறியியலும்தான் படிப்பு என்கிறீர்கள். வேறொரு தமிழ்ப் பெண் அதே கல்வியைக் கற்று விருது பெற்றால் மட்டும் “எங்கள் பிள்ளை” என்கிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

2019இல் மாதங்கிக்கு எம்.பி.ஈ. என்னும் பிரித்தானிய அரச விருது அறிவிக்கப்பட்டது. அப்போது அவர் கூறிய செய்தி நம் சிந்தைக்குரியது. 1986இல் அகதியாக வந்த அவருடைய தாயார் கலா, ஆங்கிலம் வேண்டாத சில வேலைகளுள் ஒன்றாக, இத்தகைய பதக்கங்களைத்தான் நெடுங்காலம் கையால் தைத்து வந்தாராம். ஆயிரக்கணக்கான பதக்கங்கள் அந்தத் தமிழ்த் தாயின் விரல்களைக் கடந்து சென்றன. பெற்றவர்களின் பெயர்கள் அரசாங்க ஏட்டில் உள்ளன. தைத்தவரின் பெயர் மகள் சொல்லியிராவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது. விருதுக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். விருது பெற்றவரை மட்டுமே நினைவில் வைக்கும், பதிவு தைத்தவரையும் நினைவில் வைக்கும்.

ஆகவே, அடுத்த பரிந்துரைப் பட்டியல் வெளியாகும்போது அதில் நம் பெயர் உண்டா என்று தேடும் நேரத்தில், மாடியறைப் பெட்டியைக் கீழே இறக்குங்கள். பாட்டனாரும் பாட்டியாரும் உயிரோடு இருக்கும்போதே, காட்சியில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிவையுங்கள். இளையோரே, உங்கள் கையிலுள்ள தொலைபேசியை அவர்கள் முன்னால் வையுங்கள். நம்மைப் பற்றி நாளை எவர் படமெடுத்தாலும், சாதகமாக எடுத்தாலும் பாதகமாக எடுத்தாலும், “மூலப்பதிவு எங்களிடம் இருக்கிறது” என்று சொல்லும் வலிமை நமக்கு வேண்டும். அந்த வலிமையை எந்த நடுவர் குழுவும் நமக்கு வழங்கப்போவதில்லை.