பெற்றோருக்கும் புரியும் மொழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காய்கனி பறிக்கும் தொழிலாளரில் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் லத்தீனோ மக்களாவர். 1942 முதல் 1964 வரை, இரு அரசுகளின் ஒப்பந்தப்படி மெக்ஸிகோவிலிருந்து லட்சக்கணக்கானோர் கூலி வேலைக்கு அழைக்கப்பட்டனர். பின்னர்ப் பல குடும்பங்கள் அந்நாட்டுக் கிராமங்களிலேயே நிலைத்துவிட்டன.

அக்குடும்பங்கள் பலவற்றில் பள்ளிக் கடிதத்தையும் மருத்துவர் சீட்டையும் பெற்றோருக்குப் படித்துச் சொல்வது, ஆங்கிலம் கற்ற பிள்ளையே. தன்னைப் பற்றி ஆசிரியர் எழுதிய குறையையும் அப்பிள்ளைதான் மொழிபெயர்க்க வேண்டும்! தகப்பனின் சொல்லுக்கு வீட்டில் மதிப்புக் குன்றுகிறது. பிள்ளையின் தோளிலோ வயதுக்கு மீறிய சுமை ஏறுகிறது.

1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தால் வலுப்பெற்ற விவசாய விரிவுப் பணிக்கு ‘ஃபோர்-எச்’ என்னும் இளைஞர் பிரிவு உண்டு. அதனுடன் இணைந்து, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘ஹுந்தோஸ்’ திட்டம் நடைபெறுகிறது. ‘ஒன்றுகூடி’ என்பது அச்சொல்லின் பொருள். 8 முதல் 12ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவரைப் பெற்றோருடன் சேர்த்தழைத்து, உயர்கல்விக்குரிய வழிகளை அது விளக்குகிறது. இதுவே சரியான முறை என்பது எமது துணிபு.

துண்டுப் பிரசுரங்களை ஸ்பானிய மொழியில் அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்ததாகாது. இரு மொழியும் அறிந்த ஊழியர், தக்க ஊதியத்துடன் நியமிக்கப்பட வேண்டும். வயல்வேலை முடிந்த பின்னரே கூட்டம் கூடவேண்டும். திட்டக் குழுவில் பெற்றோருக்கும் இடம் வேண்டும்.

இதனால் ஆங்கிலம் கற்கும் ஆர்வம் குறையுமெனச் சிலர் அஞ்சுவர். பிள்ளைகள் பள்ளியில் நாள்தோறும் ஆங்கிலம் பயில்கின்றனர். பள்ளிக்கு வெளியே நிற்கும் பெற்றோரைப் பற்றியதே இங்குள்ள கேள்வி.

ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தோருக்கும் அரசின் சேவைகள் எட்டவேண்டுமென 2000ஆம் ஆண்டில் அதிபர் கிளிண்டன் உத்தரவிட்டார். 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அதனை ரத்துசெய்து, ஆங்கிலத்தை ஆட்சிமொழியென அறிவித்தார். பிறமொழிச் சேவைக்குத் தடையில்லை. ஆயினும் அது இலாகாத் தலைவர்களின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. விருப்பத்தை மட்டும் நம்பிய சேவை, செலவைக் குறைக்கும் நாளில் முதலில் வெட்டப்படும். ஆகவே விரிவுப் பணியினர் இப்போதுதான் உறுதியுடன் நிற்கவேண்டும்.

மகாசபை நடவடிக்கை விளங்காத அங்கத்தினர், பெயரளவில் மட்டுமே அங்கத்தினர் என்பதைக் கூட்டுறவாளராகிய நாம் அறிவோம். தம் பிள்ளையின் கல்வியைப் பற்றிய பேச்சு விளங்காத பெற்றோரின் நிலையும் அதுவே.