மணத்தக்காளியால் ஆறாத புண்

வாய்ப்புண் என்றதும் நம் வீடுகளில் மணத்தக்காளிக் கீரைக்குத்தான் முதல் மரியாதை. தேங்காய்ப்பால் விட்டுக் காரமில்லாமல் வைத்தால் எரிச்சலுக்கு இதம், சர்க்கரைக்காரர்களும் சாப்பிடலாம். தேன் தடவுவதற்குத்தான் யோசிக்க வேண்டும், அதுவும் சர்க்கரைதானே! நாட்டு மருந்துக் கடை அதிமதுரமும் அத்தனை சாதுவல்ல: தினமும் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பலர் கவனிக்காதது இன்னொன்று. பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதனாலும் நாக்கு சிவந்து வழவழப்பாகும், புண் வரும். கீரையில் பி12 கிடையாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோடு கீரைக்கட்டு தேடி அலைவது எனக்குச் சம்மதமில்லை. பல் மருத்துவரிடம் காட்டுங்கள், புகையிலை போடுகிறவர்கள் முதல் ஆளாக.