காரிக்கு ஒரு கறுப்புக் குதிரை: கள்ளக்குறிச்சியில் ஒரு மேஜைப் படை

"பத்து வருஷம் கழிச்சு மறுபடியும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். முதல்ல எந்தப் படையை வாங்கலாம்?" என்று கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முப்பதை நெருங்குகிறவர். கல்லூரி நாட்களில் பெங்களூரில் நண்பர்களோடு 'வார்ஹாமர்' ஆடியவர். இப்போது சொந்த ஊருக்கே வந்து அப்பாவின் கடையைக் கவனித்துக்கொள்கிறார். பரணில் பாதி பெயின்ட் அடித்த பொம்மைப் பெட்டி ஒன்று தூங்குகிறதாம்.

விஷயம் புதிது என்பவர்களுக்கு: விரலளவு சிப்பாய்ப் பொம்மைகளைச் சேர்த்து, பெயின்ட் அடித்து, மேஜையில் மலை, ஆறு, காடு எல்லாம் அமைத்து, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதவிடும் விளையாட்டு இது. சதுரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம், கொலுவுக்குப் பக்கத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ய ராணுவம் 1824லேயே அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க இப்படி ஒன்றைப் பயன்படுத்தியது. நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் 1913ல் இதற்காகவே விதிகள் எழுதி, 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகம் போட்டார். அப்போது அவருக்கு வயது 46. "இந்த வயசுல பொம்மையா?" என்று வீட்டில் கேட்டால் இந்த ஒரு தகவல் போதும்.

வாசகரின் கேள்விக்கு வருவோம். பொதுவாகக் கிடைக்கும் பதில், "பிடிச்ச படையைத் தேர்ந்தெடுங்க, 1,000 பாயின்ட்டுக்குப் பட்டியல் போடுங்க" என்பதுதான். கிளப் இருக்கிற ஊருக்கு அது சரி. சனிக்கிழமை ஒரு படையைத் தூக்கிக்கொண்டு போனால் எதிரே இன்னொருவர் தன் படையோடு உட்கார்ந்திருப்பார். கள்ளக்குறிச்சியில் எதிரே யார் உட்காருவது? பொம்மை வாங்கக் காசு சேர்ப்பதைவிட இதுதான் பெரிய சிக்கல். திரும்பி வருகிற பலர் ஆறே மாதத்தில் மறுபடி பெட்டியைப் பரணில் ஏற்றுவதற்கும் காரணம் பெரும்பாலும் ஆர்வக் குறைவு கிடையாது, ஆட ஆள் இல்லாததுதான்.

அதனால் என் யோசனை: படையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சண்டையைத் தேர்ந்தெடுங்கள். அதன் இரண்டு பக்கத்தையும் நீங்களே செய்யுங்கள். அப்புறம் எதிராளிக்கு நாற்காலியில் உட்காரத் தெரிந்தால் போதும்.

இரண்டு படை என்றதும் பர்ஸைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். 1990ல் ஃபில் பார்க்கர் குழுவினர் கொண்டுவந்த 'டி.பி.ஏ.' என்ற பழங்காலப் போர் விதிகளில், மொத்தப் படையே 12 தட்டுகள்தான். ஒரு தட்டில் சில வீரர்கள் ஒட்டப்பட்டிருப்பார்கள். தட்டுதான் கணக்கு, தலை கிடையாது. சிறிய அளவில் ஆடினால் தட்டின் அகலம் 4 செ.மீ., களம் 60 செ.மீ. சதுரம். வீட்டு கேரம் போர்டின் மேல் ஒரு பச்சைத் துணியை விரித்தால் களம் தயார், ஓரத்தில் டீ டம்ளர் வைக்கவும் இடம் மிச்சம்.

எந்தச் சண்டை? இதற்கு வாசகர் வெளியூர் போக வேண்டியதே இல்லை. அவர் மாவட்டத்தில்தான் திருக்கோவிலூர் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் அது கோவலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர். தென்பெண்ணைக்கு நடுவே இன்றும் கபிலர் குன்று நிற்கிறது. அந்தக் கபிலர் பாடிய தலைவன்தான் காரி. மூவேந்தர்களும் துணைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பும் அளவுக்கு அவனுக்குப் படைபலம்.

எதிர்ப்பக்கம் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்கள் பட்டியலில் இருவருமே உண்டு. வள்ளலும் வள்ளலும் மோதிக்கொண்டார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. ஓரியின் தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைப் பற்றி நற்றிணையில் குறிப்பு வருகிறது. காரி ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர், ஓரி ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது.

யார் வென்றார்கள் என்பது தெரிகிறது. சண்டை எப்படி நடந்தது, எந்த இடத்தில், யார் முதலில் பாய்ந்தார்கள், மலையிலா சமவெளியிலா, இதையெல்லாம் இந்தப் பாடல்கள் விவரிப்பதில்லை. மேஜைப் போருக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. வில்லாளிகள் மேட்டில் நின்றால் குதிரைப்படையும் வேல்படையும் எப்படி நெருங்கும்? ஓரியைக் கீழே இறக்கிக் கொண்டுவர காரி என்ன செய்திருப்பான்? பகடையை உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

பட்டியலுக்கு வருவோம். இது நான் போட்டது, மாற்றிக்கொள்ளலாம். காரிக்கு 6 தட்டு வேல், 2 தட்டு வில், 3 தட்டு குதிரை, 1 யானை. மலையனின் ஒற்றை வேலுக்கு ஆரியர் ஓடியதாக நற்றிணையில் ஓர் உவமை உண்டு, அதனால்தான் வேலுக்கு அதிக இடம். தேர் கிடையாது. இருந்ததையெல்லாம் அவன் புலவர்களுக்குக் கொடுத்துவிட்டான் என்று நாம் வைத்துக்கொள்வோம். ஓரிக்கு 8 தட்டு வில், 2 தட்டு வேல், 1 குதிரை, 1 யானை. காலாளும் குதிரையும் தட்டுக்கு இரண்டு, யானை ஒன்று என்று போட்டால், ஒரு படைக்கு 23 உருவங்கள். இரண்டுக்கும் 46. கடையை மூடிவிட்டு வந்து வாரத்துக்கு இரண்டு முடித்தால் 23 வாரம், அதாவது ஐந்தரை மாதம். எண்ணைக் கூட்ட வேண்டாம். கொலுவுக்கு வருஷா வருஷம் ஒரு புது பொம்மை சேர்க்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அந்த வேகம் போதும். அடுத்த வருஷம் தகடூர் அதியமான் வரட்டும். கோவலூரை அவன் அழித்த கதையும் புறநானூற்றில் இருக்கிறது.

உருவங்களை எங்கே பிடிப்பது? வெளிநாட்டுப் பெட்டிகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023ல் 70 ஆனது. பார்சல் அந்த வகையில் மாட்டினால் ஒரு பெட்டிக் காசில் ஒன்றேமுக்கால் பெட்டி வாங்கியிருக்கலாம் என்ற கணக்கு தூக்கத்தைக் கெடுக்கும். தவிர, காரியின் வேலாளுக்கு நெருக்கமாக ஒரு பெட்டி தேடுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

செய்துகொள்வது அத்தனை கஷ்டமில்லை. மெல்லிய கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் எம்-சீல். இரண்டு உருண்டைகளையும் சம அளவில் பிசைந்து, விரலைத் தண்ணீரில் தொட்டு வழித்தால் உடம்பு வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சின்னப் பிள்ளைகளை இந்த வேலைக்கு மட்டும் பக்கத்தில் விடாதீர்கள். வேலுக்குக் குண்டூசி. பெயின்ட்டுக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அக்ரிலிக் போதும். தண்ணீர் கலந்து இரண்டு முறை மெல்லிசாக அடியுங்கள், ஒரே முறை கெட்டியாக அடித்தால் முகம் மூழ்கிவிடும். விரலளவு முகத்தில் கண் வரையவே வேண்டாம். இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது நிழல் இருந்தால் கண் இருப்பதுபோலவே தெரியும்.

உடைக்கு மாதிரி வேண்டுமென்றால் பக்கத்து மாவட்டத்துச் செங்கம் நடுகற்களின் படங்களைப் பாருங்கள். கொண்டை, வில், குறுவாள், இடுப்பில் இறுக்கிய துணி எல்லாம் தெளிவாகத் தெரியும். பல்லவர் காலத்தவை, காரிக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவைதான். ஆனாலும் சினிமா கவசத்தைவிட அவை நம்பகமானவை.

யானைகளை மட்டும் மரத்தில் செய்யலாம் என்பது என் ஆசை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் நடக்கும் வேலை அது. அங்கே சாமி சிலையும் கதவும் செதுக்குகிறவரிடம் போய் இரண்டு அங்குல யானை கேட்டால் முதலில் சிரிப்பார். கேட்டுத்தான் பாருங்களேன். வேல் பிடித்த மனிதனை அந்த அளவில் மரத்தில் கேட்காதீர்கள், கை ஒடிந்துவிடும்.

மலைக்கு மாதிரி தேடவே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறுங்கள். கோமுகி அணையைத் தாண்டியதும் சமவெளி எப்படி முடிகிறது, ஏற்றம் எங்கே தொடங்குகிறது, வளைவுக்கு வளைவு எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். கோவலூருக்கும் கொல்லிக்கும் நடுவே கிடப்பது இந்தக் கல்வராயன்தான். டிவி பெட்டியோடு வந்த தெர்மாகோலை மூன்று அடுக்காக வெட்டி, ஃபெவிகால் தடவி, மணல் தூவினால் மலை ரெடி. களத்தில் பாதிக்கு மலை, பாதிக்குச் சமவெளி, ஓரமாகப் பெண்ணையாறு.

பரணில் இருக்கும் பழைய பெட்டி? இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். பாதியில் நின்ற வேலையிலிருந்து மறுபடி தொடங்கினால் கை ஓடாது. இரண்டு படைகளும் முடிந்தபின் இறக்கினால் போதும்.

எதிராளி? அவர் மெயிலின் கடைசி வரியில் பதில் இருக்கிறது: அக்கா பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறானாம், பொம்மையை எடுத்தாலே "மாமா, நானும்" என்று வந்து நிற்கிறானாம். அவனுக்கு முதல் நாளே 12 தட்டு வேண்டாம், ஆளுக்கு நான்கு போதும். முறைக்கு ஒரு பகடை, விழுந்த எண்ணிக்கைக்கு அத்தனை தட்டு நகரலாம். மோதினால் இருவரும் உருட்ட வேண்டும், சின்ன எண் பின்வாங்கும், பாதியோ அதற்கும் குறைவோ விழுந்தால் தட்டு அவுட். இரண்டு தட்டு போனவர் தோற்றார். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அவனையே ஓரியாக விடுங்கள், மேட்டில் நிற்கிற பக்கம் அது. தோற்ற பக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டிய உருவம் காரியின் குதிரை. பெயரிலேயே நிறம் இருப்பதால் கறுப்பு. வெறும் கறுப்பை அப்பினால் மேஜையில் ஓட்டை மாதிரி தெரியும். கறுப்பில் ஒரு துளி நீலம் கலந்து முதல் கோட் அடித்து, காய்ந்ததும் பிடரியிலும் முட்டியிலும் மட்டும் சாம்பல் நிறத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள்.