தோற்றுக்கொண்டே இருந்தவரின் வழக்கு

பழைய தொலைக்காட்சித் தொடர்களை நேசிப்பவர்களிடம் 'பெர்ரி மேசன்' என்ற பெயரைச் சொன்னால், பெரும்பாலும் ஒரே காட்சிதான் அவர்கள் நினைவில் எழும். கறுப்பு வெள்ளைத் திரை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து நீதிமன்ற அறை. அகன்ற தோள்களுடைய ரேமண்ட் பர் சாட்சிக் கூண்டை நோக்கி மெல்ல நடக்கிறார். அவர் குரல் உயர்வதில்லை. வினாக்கள் மட்டும் நெருங்கிக்கொண்டே வருகின்றன. கூண்டில் நிற்பவரோ, பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் வேறொருவரோ தாங்கமாட்டாமல் உடைந்து கொலையை ஒப்புக்கொள்கிறார். எதிர்மேசையில் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கர் அந்த வாரத் தோல்வியை மீண்டும் ஒருமுறை ஏற்றுக்கொள்கிறார்.

1957 செப்டம்பர் 21 முதல் 1966 மே 22 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 271 பகுதிகளாக ஒளிபரப்பான இத்தொடரின்மீது இன்றும் நீங்காத நேசம் இருக்கிறது. நேசிப்பதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த நேசம் முழுவதும் வென்றவர்மீதே குவிந்துவிட்டது. தொடரின் அறம் உண்மையில் யாரிடம் இருந்தது என்று கேட்டால், விடை எதிர்மேசையைத்தான் சுட்டும்.

முதலில் நடிகர் குழுவைப் பற்றி. கதைகளை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தாமே வழக்கறிஞராக வாழ்ந்தவர். கலிஃபோர்னியாவில் சீனக் குடியேறிகளுக்காக வாதாடியவர். தவறாகத் தண்டிக்கப்பட்டோரின் வழக்குகளை மறுஆய்வு செய்ய 1948இல் 'கடைசி முறையீட்டு மன்றம்' என்ற அமைப்பைத் தொடங்கியவர். குற்றமற்றவர்கள் சிறை செல்வதை அவர் கற்பனையில் மட்டும் கண்டவரல்லர். அவருடைய நாயகனாக நடித்த ரேமண்ட் பர், அதற்கு முன் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தில் மனைவியைக் கொன்றவராகத் தோன்றியவர். 'எ பிளேஸ் இன் தி சன்' படத்தில் அரசு வழக்கறிஞராகவே நடித்தவர். பர்கராக நடித்த வில்லியம் டால்மன், ஐடா லுப்பினோ இயக்கிய 'தி ஹிட்ச்-ஹைக்கர்' படத்தில் உறங்கும்போதும் ஒரு கண் மூடாத கொலைகாரனாக வந்து பார்வையாளர்களை நடுங்கச் செய்தவர். ஆக, வாரந்தோறும் நீதிக்காக எதிரெதிரே நின்ற இருவரும் திரையில் கொலைகாரர்களாக அறியப்பட்டவர்கள். முகத்தைக் கொண்டு குற்றத்தைத் தீர்மானிக்காதே என்பது தொடரின் செய்தி என்றால், அது நடிகர் தேர்விலேயே தொடங்கிவிட்டது.

செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட்டாக பார்பரா ஹேல், துப்பறிவாளர் பால் டிரேக்காக வில்லியம் ஹாப்பர், காவல் அதிகாரி டிராகாக ரே காலின்ஸ். 'சிட்டிசன் கேன்' படத்தில் நடித்த பழுத்த நாடகக் கலைஞரான காலின்ஸ், உடல்நலம் குன்றி 1964க்குப் பின் தொடரில் தோன்ற இயலாமற்போனார். ஆயினும் தயாரிப்பாளர் கெயில் பாட்ரிக் ஜாக்சன் அவர் பெயரைத் தொடக்கக் காட்சியிலிருந்து நீக்கவில்லை. வீட்டிலிருந்து வாரந்தோறும் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் மனம் உடையக்கூடாது என்பதே காரணம். 1965இல் அவர் மறையும்வரை அந்தப் பெயர் அங்கே இருந்தது. இந்தக் குழுவின்மீது இன்றும் பாசம் சுரப்பதற்கு இத்தகைய செயல்களும் காரணம்.

இனி, நீதிமன்ற அறையின் மொழி. நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. அவற்றுள் முதலாவது அறிவினா. விடையை அறிந்தவர், எதிரிலிருப்பவர் அறிவாரா என்று காணக் கேட்பது. அடுத்தது அறியா வினா. அறியாதவர் அறிந்துகொள்ளக் கேட்பது. ஆசிரியர் மாணவரிடம் கேட்பது முன்னது. மாணவர் ஆசிரியரிடம் கேட்பது பின்னது. குறுக்கு விசாரணை இவ்விரண்டுக்கும் நடுவே வாழும் விசித்திரமான வகை. விடை தெரியாத வினாவைச் சாட்சியிடம் கேட்காதே என்பது வழக்கறிஞர்களின் பழைய பாடம். எனவே உள்ளே இருப்பது அறிவினா. அது அணிந்திருக்கும் உடையோ அறியா வினாவினுடையது. மேசனின் ஆற்றல் முழுவதும் இந்த உடைமாற்றத்தில் இருக்கிறது. எதையும் அறியாதவர்போல் நேரத்தைக் கேட்பார், கதவைக் கேட்பார், கைக்கடிகாரத்தைக் கேட்பார். சாட்சி ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிச் சொல்லித் தம்மைச் சுற்றித் தாமே சுவரெழுப்பிக்கொள்வார்.

அந்தச் சுவர் எழும்போதெல்லாம் குறுக்கிடுவது பர்கரின் குரல். தகுதியற்றது, தொடர்பற்றது, முக்கியமற்றது என்ற அந்த மும்மை ஆட்சேபம் தொடரின் பல்லவியாகவே ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் மூன்று சொற்களும் எதிர்மறை முன்னொட்டோடு தொடங்குகின்றன. தமிழில் அதே எதிர்மறை சொல்லின் இறுதியில் வந்து அடுக்குகிறது. ஓசை நயத்திற்காக மட்டும் இது நினைவில் நிற்கவில்லை. ஆட்சேபம் என்பது மொழியைப் பற்றிய மொழி. நடந்த கொலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கேட்கப்பட்ட வினா கேட்கத்தக்கதா என்பதை மட்டுமே சொல்கிறது. அன்றாடப் பேச்சில் வலியவர் எதையும் கேட்கலாம், எளியவர் விடை சொல்லியே தீரவேண்டும். நீதிமன்றத்தில் மட்டும் வினாவே விசாரணைக்கு உட்படுகிறது. ரசிகர்கள் பர்கரின் ஆட்சேபங்களைக் கேலிக்குரிய முட்டுக்கட்டைகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லைகளை அவர் ஓயாமல் நினைவூட்டியதால்தான் அந்த அறை நீதிமன்றமாக இருந்தது. இல்லையேல் அது திறமையான ஒருவர் திகைத்து நிற்கும் இன்னொருவரைச் சொல்லால் அடித்து வீழ்த்தும் இடமாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

இதைச் சரியாகப் பார்த்த பார்வையாளர் ஒருவர் உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த சிறுமி சோனியா சோட்டோமேயர் இத்தொடரைப் பார்த்துச் சட்டத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 2009இல் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதிப் பதவிக்கான நியமன விசாரணையில் அவர் நினைவுகூர்ந்தது மேசனின் வெற்றியை அன்று. இவ்வளவு உழைத்தும் வழக்கு தள்ளுபடியாவது வருத்தமாக இல்லையா என்று மேசன் கேட்க, குற்றவாளி தண்டிக்கப்படுவது எப்படி நீதியோ அப்படியே குற்றமற்றவர் விடுவிக்கப்படுவதும் நீதி, அதுவே தம் பணி என்ற பொருள்பட அரசு வழக்கறிஞர் விடையளித்த காட்சியைத்தான் அவர் சொன்னார். அவரே பின்னாளில் மன்ஹாட்டனில் அரசுத் தரப்பு வழக்கறிஞராகத்தான் தம் பணியைத் தொடங்கினார். 1935இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பில் வகுத்த நெறியும் இதுவே: அரசு வழக்கறிஞரின் கடமை வழக்கை வெல்வதன்று, நீதி நிலைபெறச் செய்வது. அந்த வழக்கின் பெயர் 'பெர்கர்' என்பது வெறும் தற்செயல். ஆனால் பொருத்தமான தற்செயல்.

திரையில் குற்றமற்றவர் என்ற அனுமானத்தை வாரந்தோறும் போற்றிய தொடருக்கு, திரைக்கு வெளியே அதே சோதனை 1960இல் வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் ஒரு தனியார் வீட்டு விருந்தில் காவலர்கள் திடீர்ச் சோதனை நடத்தி, விருந்தினராக வந்திருந்த டால்மனையும் வேறு சிலரையும் கைது செய்தனர். ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டு பதிவாயிற்று. வழக்கு நீதிமன்றத்தை எட்டுவதற்கு முன்பே, ஒப்பந்தத்தின் நன்னடத்தை விதியைக் காட்டித் தொலைக்காட்சி நிறுவனம் அவரை நீக்கியது. ஜூன் மாதம் போதிய ஆதாரம் இல்லையென்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதன் பின்னரும் நிறுவனம் அசையவில்லை. ஆதாரமின்றி எவரையும் குற்றவாளியாகக் கொள்ளாதே என்று கோடிக்கணக்கானவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த நிகழ்ச்சியின் உரிமையாளர்கள், தம் சொந்த ஊழியரிடம் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

டால்மனுக்காகப் பேசியவர்களுள் முதல்வர் ரேமண்ட் பர். கார்ட்னரும் பேசினார், பார்வையாளர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் டால்மன் மீண்டும் அரசுத் தரப்பு மேசைக்கு வந்தார். இதில் பர் எடுத்துக்கொண்ட இடர் சிறிதன்று. அவர் தன்பால் ஈர்ப்புடையவர். அக்காலத்து ஹாலிவுட்டில் அது வெளிப்பட்டால் ஒருவருடைய தொழில் வாழ்வே முடிந்துவிடும். மறைந்த மனைவி, இறந்த மகன் என்றெல்லாம் இல்லாத குடும்பக் கதையொன்று அவரைச் சுற்றிப் பின்னப்பட்டிருந்தது. ராபர்ட் பெனவிடஸ் என்பவருடன் பல்லாண்டு இணைந்து வாழ்ந்த செய்தி பரவலாக அறியப்பட்டது 1993இல் அவர் மறைந்த பிறகே. டால்மனை வீழ்த்திய நன்னடத்தை விதி அவரையும் எந்நாளிலும் வீழ்த்தியிருக்கக்கூடும். ஒதுங்கி நின்று தம்மைக் காத்துக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்த ஒருவர், ஒதுங்கி நிற்கவில்லை. மேசன் வாதாடிய வழக்குகளில் உண்மையானது இது ஒன்றுதான். அதில் அவர் கட்சிக்காரர் பர்கர்.

நேசம் கண்ணை மறைக்கும் இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தொடர் விட்டுச்சென்ற பிழையான பாடம், ஒப்புதல் வாக்குமூலம். சரியான வினா விழுந்தால் குற்றவாளி தானே உடைவான், உடைந்தவன் உண்மையே சொல்வான் என்ற நம்பிக்கையை அது ஒன்பது ஆண்டுகள் ஊட்டியது. நெருக்கப்பட்ட மனிதர் உண்மையை மட்டுமே சொல்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 1989இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வழக்கில் பிடிபட்ட பதின்பருவச் சிறுவர்கள் நீண்ட விசாரணைக்குப்பின், தாங்கள் செய்யாததைச் செய்ததாகச் சொன்னார்கள், ஐவர் தண்டிக்கப்பட்டனர். உண்மைக் குற்றவாளி வெளிப்பட்டு, மரபணுச் சான்றும் உறுதி செய்தபின் 2002இல்தான் அத்தண்டனைகள் நீக்கப்பட்டன. இந்தியச் சான்றுச் சட்டம் 1872லேயே காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று விதித்தது. 2023இன் புதிய சட்டமும் அவ்விதியைத் தக்கவைத்துள்ளது. அமெரிக்காவில் தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பாகி மூன்று வாரமும் ஒரு நாளுமே சென்றிருந்தன. 1966 ஜூன் 13 அன்று மிராண்டா தீர்ப்பு வந்து, விசாரணைக்கு உட்படுபவருக்கு மௌனம் காக்கும் உரிமை உண்டு என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றது. திரை ஒப்புதலைக் கொண்டாடி முடித்த கையோடு, சட்டம் அதை ஐயுற்றது.

இன்னொரு குறையும் உண்டு. வாரந்தோறும் தவறான ஒருவர் கைதாகிறார். வாரந்தோறும் அவர் விடுதலையாகிறார். ஆனால் தவறான கைது ஏன் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது என்று அந்த ஊரில் எவரும் கேட்பதில்லை. மேசன் இருக்கிறார், ஆகவே அமைப்பு சரியாக இருக்கிறது என்ற ஆறுதலோடு பார்வையாளர் உறங்கச் செல்கிறார். மேசனை அமர்த்திக்கொள்ள வசதியற்றவர் என்ன ஆவார் என்ற வினாவை, 1963இல் கிடியன் வழக்கில் உச்சநீதிமன்றம்தான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இக்குறைகளை அறிந்த பின்பும் தொடரில் எஞ்சுவது என்ன என்றால், தோல்வியைச் சுமக்கும் முறை. பர்கர் சினந்தார், எரிச்சலுற்றார், ஆட்சேபித்தார். ஆனால் உண்மை வெளிப்பட்டபின், வெல்வதற்காக அதை மறைக்க முயலவில்லை. தம் தரப்பு தவறு என்று தெரிந்த கணத்தில் அதைக் கைவிடத் தெரிந்த மனிதர் அதிகாரத்தின் இருக்கையில் இருப்பது, கூர்மையான வழக்கறிஞர் ஒருவர் எதிரே இருப்பதைவிட அரிது. ஆய்வுக்கூடமானாலும் கருத்தரங்கமானாலும் இது பொருந்தும்.

1985இல் பர்ரும் பார்பரா ஹேலும் முதுமையில் மீண்டும் மேசனாகவும் டெல்லாவாகவும் தொலைக்காட்சிப் படங்களுக்குத் திரும்பியபோது, மற்ற மூவரும் உயிரோடில்லை. டால்மன் 1968 ஆகஸ்ட் 30 அன்று, 53ஆம் வயதில் நுரையீரல் புற்றுநோயால் மறைந்திருந்தார். மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்திற்காகத் தம் வீட்டிலேயே ஒரு சிறு படத்தில் தோன்றினார். மனைவியையும் பிள்ளைகளையும் காட்டினார். வாரந்தோறும் தம்மைத் தோற்கடித்த நண்பரென்று ரேமண்ட் பர்ரையும் காட்டினார். தமக்கு நுரையீரல் புற்றுநோய் என்றார். புகைப்பதிலும் தோற்பதிலும் நெடுங்காலப் பழக்கமுள்ளவன் சொல்வதைக் கேளுங்கள் என்ற தோரணையில், புகையைத் தொடாதீர்கள், தொட்டவர்கள் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த நீதிமன்ற அறையில் 271 பகுதிகளிலும் எத்தனையோ ஒப்புதல்கள் ஒலித்தன. அவை அனைத்தும் எழுதப்பட்டவை. எவரும் வினவாமல், எவரும் நெருக்காமல், பிறர் பிழைக்கட்டும் என்று சொல்லப்பட்ட ஒப்புதல் இது ஒன்றே. அடுத்தமுறை இத்தொடரின் பழைய பகுதியொன்றைப் பார்க்க நேர்பவர்கள், கூண்டிலிருப்பவர் உடையும் தருணத்தில் பார்வையைச் சற்றே திருப்பி, எதிர்மேசையில் இருப்பவரின் முகத்தையும் பார்க்கலாம்.